சொல்லைக் கேட்கிறதா, தோளைப் பார்க்கிறதா? – ஒரு நாய் சரியாகத் தெரிவு செய்வது எப்படி

இலங்கைப் பொலிஸின் மோப்பநாய்ப் பிரிவுக்குத் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் இருக்கிறது. போதைப்பொருள், வெடிபொருள், குற்றம் நடந்த இடத்தின் தடயம் என்று தேடப் போகும் பொலிஸ் நாய்களின் பெயரோடு அஸ்கிரியவும் பல தசாப்தங்களாக ஒட்டியே வருகிறது. எசல பெரஹெரா காலத்தில் நகரத்துக்கு வருபவர்கள் இந்த நாய்களை நேரிலும் காணலாம். 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை மீது நடந்த குண்டுத் தாக்குதலுக்குப் பின்னர் கண்டியில் பையைத் திறந்து காட்டுவது வழமையாகிவிட்டது. பெயரும் அடையாள அட்டையும் தமிழ் என்றால், பையைத் திறக்கும் கைக்கு ஒரு நடுக்கமும் இருந்தது.

நாய் வந்து பையை முகர்கிறது. ஒன்றும் செய்யாமல் நகர்கிறது, அல்லது அப்படியே உட்காருகிறது. அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு மனிதரின் நாள், சிலவேளை பல வருடங்கள், தங்கியிருக்கின்றன. யுத்த காலத்தில் சுற்றிவளைப்புகளைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சி வேறொன்றை ஞாபகப்படுத்தும். வரிசையில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் முன்னால், முகத்தை மூடிய ஒருவர் இருப்பார். அவர் தலையை அசைத்தால் ஒரு பக்கம், அசைக்காவிட்டால் மறுபக்கம். 'தலையாட்டி' என்ற சொல்லுக்கு எங்களிடம் விளக்கம் தேவையில்லை. அவர் எதை வைத்துத் தலையாட்டினார், உண்மையிலேயே தெரிந்தா, பக்கத்தில் நின்றவர் எதிர்பார்த்ததாலா என்று கேட்க அன்று யாருக்கும் வழியிருக்கவில்லை.

நாய் விடயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க வழி இருக்கிறது. இரண்டு தெரிவுகளை முன்னால் வைத்தால் ஒரு நாய் எதைக் கொண்டு தீர்மானிக்கிறது? அதைக் கண்ணால் பார்த்து விளங்கிக்கொள்ள மிக இலகுவான இடம் பொலிஸ் பயிற்சியோ மிதிவெடி வயலோ அல்ல. ஒரு விளையாட்டு மைதானம். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒரே இடத்தில் இரண்டு வாசல்

'அஜிலிட்டி' என்பது நாய்களுக்கான தடைதாண்டும் போட்டி. 1978இல் லண்டனில் நடந்த 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு இடையில் பார்வையாளரை மகிழ்விப்பதற்காக முதன்முதலில் காட்டப்பட்டது. குதிரைகள் வேலி தாண்டும் போட்டியைப் பார்த்து உருவாக்கியது. இன்று பல நாடுகளில் பெரிய விளையாட்டு.

மைதானத்தில் பல தடைகள் இலக்கமிட்டு வைக்கப்பட்டிருக்கும். தாண்டுவதற்குக் கம்பங்கள், நுழைந்து ஓடுவதற்கு வளைந்த துணிக் குழாய், ஏறி நடப்பதற்கு உயர்ந்த ஒடுங்கிய பலகைப் பாலம், கூரை போலச் சாய்த்து வைத்த இரண்டு பலகைகள், நெளிந்து நெளிந்து ஓடுவதற்கு வரிசைக் குச்சிகள். கையாளுபவர் கூடவே ஓடலாம், கூப்பிடலாம், கை காட்டலாம், தொடக்கூடாது. போட்டிக்கு முன் பாதையை நடந்து பார்க்க மனிதருக்கு மட்டும்தான் அனுமதி. நாய்க்கு அது முற்றிலும் புதிய பாதை. அடுத்தது எது என்பதை ஓடும் ஓட்டத்திலேயே அது அறிந்துகொள்ள வேண்டும்.

நடுவர்கள் இதில் ஒரு பொறி வைப்பார்கள். கூரைப் பலகைக்கு அடியிலேயே, அல்லது பாலத்தின் கால் ஓரமாகவே, குழாயின் வாயை வைத்துவிடுவார்கள். வேகமாக ஓடி வரும் நாய்க்கு இரண்டும் ஒரே திசையில், ஓரிரு அடி தூரத்தில் தெரியும். ஏற வேண்டுமா, நுழைய வேண்டுமா? தவறான தடையை எடுத்தால் பல போட்டிகளில் அந்த ஓட்டமே முடிந்துவிடும்.

இங்கேதான் ஒரு விடயம் வெளியே வருகிறது. வீட்டில் 'ஏறு' என்றால் ஏறி, 'குகை' என்றால் குழாய்க்குள் போகும் நாய், இந்த இடத்தில் தடுமாறுகிறது. அதற்குச் சொல் தெரியும் என்றுதானே நினைத்திருந்தோம்? பெரும்பாலும் அதற்குத் தெரிந்திருப்பது நமது தோள் திரும்பும் பக்கம்தான்.

நாய் எதைப் படிக்கிறது

நாய்கள் மனிதரின் கை, கண், தோள், காலின் நுனி ஆகியவற்றை மிக நுணுக்கமாகப் பார்ப்பவை. விரலால் ஒரு பக்கத்தைக் காட்டினால் அந்தப் பக்கம் போகும் திறமை நாய்க்குட்டிகளிடமே இருக்கிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கட்டளைகளுக்கு நன்கு பழகிய நாய்களுக்கு வாயால் ஒன்றும் கையால் வேறொன்றும் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டும் முரண்பட்டபோது நாய்கள் பெரும்பாலும் கையையே நம்பின.

அதற்காக நாய்க்குச் சொல்லே விளங்காது என்று முடிவு செய்யக்கூடாது. 2004இல் ஜேர்மனியில் 'ரிக்கோ' என்ற நாய் சுமார் 200 பொருட்களின் பெயரை அறிந்திருப்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2011இல் அமெரிக்காவில் 'சேஸர்' என்ற நாய் 1,022 பொருட்களின் பெயரைக் கற்றிருந்தது பதிவானது. சொல்லைத் தனியே கற்பித்தால் நாய் கற்கும். ஆனால் சொல்லும் அசைவும் ஒன்றாக வந்தால், தனக்கு இலகுவான அசைவைப் பிடித்துக்கொண்டு சொல்லை விட்டுவிடும். பாட்டோடு படமும் ஓடும்போது வரிகள் மனதில் நிற்காமல் போவதைப் போன்றது இது.

நான் இதை எங்கள் வீட்டு ஊர்நாயிடம் பார்த்தேன். கண்டியில் சமதரை கிடைப்பது அரிது. பேராதனைப் பக்கம் நாங்கள் இருக்கும் வீட்டின் முற்றமும் சரிவுதான். ஒரு பக்கம் இரு முனையும் வெட்டிய நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பா, மறுபக்கம் செங்கற்களின் மேல் ஒரு பலகை. 'குகை' என்றால் பீப்பா, 'ஏறு' என்றால் பலகை. நான் சாதாரணமாக நின்று சொன்னபோது நாய் ஏறக்குறையப் பிழைவிடவே இல்லை. பின்னர் கைகளைப் பின்னால் கட்டி, கறுப்புக் கண்ணாடி அணிந்து, நேராக நின்று அதே சொற்களைச் சொன்னேன். நாய் ஒருகணம் என் முகத்தைப் பார்த்தது. பிறகு தனக்குப் பிடித்த பீப்பாவுக்கே திரும்பத் திரும்ப ஓடியது. சொல் எதுவாக இருந்தாலும் பீப்பாதான். அதுவரை என் உடம்பு தந்த பதிலைத்தான் அது எனக்குத் திருப்பித் தந்துகொண்டிருந்தது.

சொல்லை மட்டும் கற்பிக்கும் முறை

இதைச் சரியாகப் பழக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது. விலையுயர்ந்த உபகரணம் எதுவும் தேவையில்லை. பொறுமையும் ஒரு கைப்பிடி இறைச்சித் துண்டும் போதும்.

முதலில், இரண்டு தடைகளையும் வேறு வேறு நாட்களில் தனித்தனியே பழக்க வேண்டும். இரண்டிலும் நாய்க்குச் சம விருப்பம் வரவேண்டும். ஒன்று மட்டும் பிடித்துப்போனால் சந்தேகம் வரும்போதெல்லாம் அதற்கே ஓடும்.

இரண்டாவது, சொற்களின் ஒலி ஒன்றுக்கொன்று தூரமாக இருக்க வேண்டும். 'ஏறு', 'இறங்கு' என்ற சோடி ஓடும் நாயின் காதில் கலந்துவிடக் கூடும். 'ஏறு', 'குகை' தெளிவாகப் பிரியும். மொழி எதுவாகவும் இருக்கலாம். கண்டியில் தமிழ் வீட்டிலும் சிங்கள வீட்டிலும் நாயிடம் 'சிட்' என்றே சொல்கிறார்கள். நாய்க்கு அது ஆங்கிலமென்று தெரியாது.

மூன்றாவது, சொல் முன்னால் வரவேண்டும், அசைவு பின்னால். சொல்லிவிட்டு ஒரு விநாடி அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு விநாடியில்தான் சொல்லுக்குப் பெறுமதி உருவாகிறது.

நான்காவது, இரண்டு தடைகளையும் முதலில் நன்றாக விலக்கி வைத்து நடுவில் நின்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். எதைச் சொல்வது என்பதை நாம் தீர்மானிக்கக்கூடாது. மாறி மாறிச் சொன்னால் நாய் அந்த ஒழுங்கையே படித்துவிடும். நாணயத்தைச் சுண்டி, பத்து முறைக்கான வரிசையை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

ஐந்தாவது, பிழைத்தால் திட்டக்கூடாது. உணவு இல்லை, அவ்வளவுதான். திரும்பக் கூப்பிட்டு மீண்டும் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை பிழைத்தால் தடைகளை இன்னும் விலக்கி வைக்க வேண்டும். திட்டு வாங்கிய நாய் சொல்லைக் கவனிப்பதை விட்டுவிட்டு முகத்தைப் படிக்கத் தொடங்கும். எந்த அசைவைப் பார்த்தால் தண்டனையில்லை என்று தேடும். பயந்தவர் சரியான பதிலைச் சொல்லமாட்டார், கேட்பவர் விரும்பும் பதிலைச் சொல்வார் என்பது எங்களுக்கு நாயைப் பார்த்துத்தான் தெரியவேண்டும் என்றில்லை.

ஆறாவது, எண்ண வேண்டும். இரண்டு தெரிவுகள் இருக்கும்போது ஒன்றுமே தெரியாத நாயும் பத்தில் ஐந்து சரியாக எடுக்கும். பத்தில் எட்டு அல்லது அதற்கு மேல் வெறும் அதிர்ஷ்டத்தால் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து அளவில்தான். ஆகவே பத்தில் எட்டு என்பது ஒரு நல்ல கோடு. அதையும் இரண்டு நாள் தொடர்ந்து எட்டிய பின்னரே தடைகளை ஓரடி நெருக்கமாக்க வேண்டும்.

கடைசியாக, பயிற்றுநர் தன்னை மாற்றிக்கொண்டே போகவேண்டும். நேராக நின்று, முதுகு காட்டி, கதிரையில் இருந்து, கதவுக்குப் பின்னால் மறைந்து, பிறகு ஓடிக்கொண்டே சொல்லிப் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள வேறொருவரும் சொல்ல வேண்டும். அப்போதும் பத்தில் எட்டு வந்தால், நாய்க்குச் சொல் தெரிந்துவிட்டது எனலாம். எங்கள் முற்றத்தில் இதற்குச் சில வாரங்கள் சென்றன. முதுகு காட்டி நின்று 'ஏறு' என்று சொல்ல, பின்னால் பலகையில் நகங்கள் உரசும் சத்தம் கேட்டபோது இந்தக் கட்டுரையின் பாதி எழுதப்பட்டுவிட்டது.

கணக்குத் தெரிந்த குதிரை

இந்த விடயம் நூறு வருடத்துக்கு முன்னரே அறிவியலுக்குத் தெரிந்திருந்தது. பெர்லினில் வில்ஹெல்ம் வொன் ஒஸ்டன் என்பவரிடம் 'ஹான்ஸ்' என்ற குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் காலால் நிலத்தைத் தட்டி விடை சொல்லும். உரிமையாளர் ஏமாற்றுக்காரர் அல்லர். தன் குதிரைக்குக் கணக்குத் தெரியும் என்று உண்மையாகவே நம்பினார். உளவியலாளர் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் ஒரு சிறிய மாற்றம் செய்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி வைத்தார். குதிரை தோற்றது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடலும் தம்மையறியாமல் மிக இலேசாக அசைந்தன. குதிரை அதைக் கண்டு தட்டுவதை நிறுத்தியது. 1907இல் ஃபுங்ஸ்ட் இதை விளக்கினார். கேட்பவருக்கு விடை தெரியாமல் சோதிக்கும் இந்த முறையே இன்று மருந்துப் பரிசோதனைகள் வரை அடிப்படையாக இருக்கிறது.

இதே கேள்வியை மோப்பநாய்களிடம் கேட்டவர்கள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், போதைப்பொருள் அல்லது வெடிபொருள் தேடப் பயின்ற 18 நாய்கள் அவற்றைக் கையாளுபவர்களோடு ஒரு தேவாலயக் கட்டடத்தில் தேடின. சில இடங்களில் சிவப்புத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. அங்கே மணம் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதாகக் கையாளுபவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் கட்டடத்தில் எங்குமே எதுவும் வைக்கப்படவில்லை. 144 தேடல்களில் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தவை 21 மட்டுமே. மொத்தம் 225 தடவை 'இங்கே இருக்கிறது' என்று அறிவிக்கப்பட்டது. நாய்களை ஈர்க்கவென்று ஒளித்து வைத்த இறைச்சியை விட, மனிதர்களை ஈர்த்த சிவப்புத் தாளின் பக்கமே அதிக அறிவிப்புகள் வந்தன.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாய் உண்மையிலேயே உட்கார்ந்ததா, கையாளுபவர் அப்படிக் கண்டதாக நம்பி அறிவித்தாரா என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. சோதனைக்கு உள்ளாகும் மனிதருக்கு அந்த வேறுபாட்டால் ஆறுதல் எதுவும் இல்லை. இரண்டிலும் பை அவருடையதுதான்.

மிதிவெடி வயலில்

நாயின் மூக்கு பொய் என்று இதை வாசிப்பவர்கள் நினைக்கக்கூடாது. எங்கள் மண்ணிலேயே அதற்கு எதிரான சாட்சி இருக்கிறது. யுத்தம் விட்டுச்சென்ற மிதிவெடிகளைத் தேடும் வேலையில் இயந்திரங்களோடும் மனிதக் கைகளோடும் நாய்களும் ஈடுபட்டிருக்கின்றன. அமெரிக்காவின் மார்ஷல் லெகசி நிறுவனம் இதற்கென்று பழக்கிய நாய்களை இலங்கை இராணுவத்தின் மிதிவெடி அகற்றும் பிரிவுக்கு வழங்கியது. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடைச் சாசனத்தில் இணைந்தது. வேலை இன்னும் முடியவில்லை.

மிதிவெடி நாயிடம் கேட்கப்படுவதும் ஒரு தெரிவுதான். இந்த அடியில் வெடிமருந்தின் மணம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் உட்கார வேண்டும். இல்லையென்றால் நகர வேண்டும். இங்கே பிழைக்குக் கொடுக்கும் விலை ஒரு கால். அதனால்தான் இந்தத் துறை, கையாளுபவரின் உடலை நாயின் முடிவிலிருந்து விலக்கி வைக்கப் பழகிக்கொண்டது. வழமையில் நிலத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, நீண்ட கயிற்றில் நாயைக் கோடு கோடாக அனுப்புவார்கள். ஒரே நிலத்தை இரண்டாவது நாயும் தனியாகத் தேடும். வேலைக்கு அனுமதி பெறுவதற்கு முன், செயலிழக்கச் செய்த மிதிவெடிகள் நீண்ட நாட்களுக்கு முன்னரே புதைக்கப்பட்ட சோதனை நிலத்தில் நாயும் மனிதரும் சேர்ந்து பரீட்சை எழுத வேண்டும். எங்கே புதைத்திருக்கிறது என்று கையாளுபவருக்குத் தெரியாது. ஹான்ஸ் குதிரைக்கு ஃபுங்ஸ்ட் வைத்த சோதனைதான் இது. வெடிகள் நெருக்கமாகப் புதைக்கப்பட்ட வயல்களில் நாய்களை விடக் கையால் தோண்டுவதே பொருத்தம் என்பதையும் இந்தத் துறை ஒளிக்காமல் சொல்கிறது.

நாய் சொன்னது பிழையா சரியா என்பதை அங்கே மண் சொல்லிவிடும். உட்கார்ந்த இடத்தைத் தோண்டினால் தெரியும். யாரும் நாயின் வார்த்தையை மட்டும் வைத்து அறிக்கையை மூடுவதில்லை.

பையின் முன்னால் உட்காரும்போது

சோதனைச் சாவடியில், பஸ் நிலையத்தில், வீட்டுக்குள் நடக்கும் தேடுதலில் சூழ்நிலை வேறு. கையாளுபவருக்கு ஏற்கெனவே ஒரு தகவல் வந்திருக்கலாம். யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் இருக்கலாம். ஒரு பையின் அருகில் அவருடைய கால் அரை விநாடி தாமதித்தால், கயிறு சற்று இறுகினால், சிவப்புத் தாள் ஒட்டியதற்குச் சமம். இதற்கு அவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. வொன் ஒஸ்டனைப் போல நம்புபவராக இருந்தாலே போதும். ஒரு முழுச் சமூகத்தையே சந்தேகத்தோடு பார்த்துப் பழகிய நாட்டில் அந்த அரை விநாடி எந்தப் பெயர்களின் முன்னால் அதிகம் விழும் என்பதை வாசகர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுக்கும் முன்னரே, மகாராஷ்டிராவில் ரயில் தடம்புரண்ட வழக்கொன்றில் இதைப்பற்றிப் பேசியிருக்கிறது. நாய் சாட்சிக் கூண்டில் ஏறாது. அதற்காக ஏறுபவர் அதன் மனிதர். ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் நாயின் ஊகத்தில் தொங்கவிடலாமா என்ற ஆட்சேபத்தை நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. நாயின் அடையாளங்காட்டலை விலக்கி வைத்து, மற்றைய சாட்சியங்களைக் கொண்டே அந்த வழக்கைத் தீர்மானித்தது.

ஆகவே நாய் உட்கார்ந்தால் அதன் பொருள் 'இங்கே தேடிப் பாருங்கள்' என்பதுதான். தேடிப் பார்த்து எதுவும் கிடைக்கவில்லையென்றால் நாயின் சைகை அத்தோடு முடிந்துவிட வேண்டும். அதை வைத்து விசாரணையை நீட்டும் இடத்தில் ஒரு சட்டத்தரணிக்கும், ஊடகவியலாளருக்கும், சாதாரண மனிதருக்கும் கேட்க நியாயமான கேள்விகள் இருக்கின்றன. இந்த நாய் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? அந்தச் சோதனையில் பொருள் எங்கே இருக்கிறதென்று கையாளுபவருக்குத் தெரியுமா? ஒன்றுமே வைக்கப்படாத அறையில் அந்த நாய் எத்தனை தடவை உட்கார்ந்தது? கிடைத்தவை மட்டும் எழுதப்படுகின்றனவா, உட்கார்ந்தும் கிடைக்காதவையும் பதிவேட்டில் உண்டா?

பீப்பாவும் பலகையும் வைத்து வீட்டு முற்றத்தில் விளையாடுபவர் கூட, முதுகைத் திருப்பி நின்று பத்துக்கு எத்தனை என்று எண்ணித்தான் தன் நாயை நம்புகிறார். மனிதர்களை வரிசையில் நிறுத்தும் இடத்தில் அதைவிடக் குறைவான ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை.